வீட்டிலிருந்தே கைத்தொழில் செய்து சம்பாதிக்க: உடல் மாற்றுத்திறனாளிகளுக்கான முழுமையான வழிகாட்டி

கூடை பின்னத் தெரியும், தைக்கத் தெரியும், ஆனால் மாதம் முடிந்தால் கையில் காசு நிற்பதில்லை. தமிழ்நாட்டில் வீட்டிலிருந்து வேலை செய்யும் மாற்றுத்திறனாளிகள் பலரின் நிலைமை இதுதான். தொழில் கற்றுக்கொடுக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்கள் உடம்பு ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தாங்கும், அந்த மணி நேரத்துக்கு என்ன கூலி நிற்க வேண்டும், செய்த பொருளை யார் வாங்குவார்கள் என்று கணக்குப் போடச் சொல்லித் தருபவர்கள்தான் குறைவு.

அதனால் இந்த வழிகாட்டி உடம்பிலிருந்து தொடங்குகிறது. போலியோ, முதுகுத்தண்டுக் காயம், கை கால் இழப்பு, தசைச் சிதைவு, பக்கவாதம் என்று நடமாட்டமோ கை வேலையோ பாதிக்கப்பட்டவர்களையும் அவர்களோடு இருக்கும் குடும்பத்தினரையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். திட்டங்கள், அலுவலகங்கள் எல்லாம் தமிழ்நாட்டை ஒட்டியவை.

முதல் படி: உடம்பின் நேரத்தை அளந்து பாருங்கள்

ஒரு நோட்டை எடுத்து, ஒரு வாரத்துக்கு எழுதிக்கொண்டே வாருங்கள். எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், குளியல், கழிப்பறை, உடை மாற்றுவது எல்லாம் முடிய எவ்வளவு நேரம் ஆனது, வலி எப்போது தொடங்கியது, எப்போது படுக்க வேண்டியிருந்தது, வீட்டில் உதவிக்கு ஆள் இருந்தது எந்த நேரம். இதையெல்லாம் கழித்துவிட்டு மீதி இருப்பதுதான் உங்கள் வேலை நேரம். பலருக்கு அது மூன்று அல்லது நான்கு மணி நேரம்தான் வரும். அதில் குறை ஒன்றுமில்லை. நாலு மணி நேரம் என்று தெரிந்து ஆர்டர் எடுப்பவர் சொன்ன தேதியில் கொடுத்துவிடுவார். எட்டு மணி நேரம் உழைக்கலாம் என்று நம்பி எடுப்பவர் மூன்றாம் நாளே முதுகு பிடித்துப் படுத்துவிடுவார், வாடிக்கையாளரும் போய்விடுவார்.

போலியோ வந்தவர்கள் கொஞ்சம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பல வருடம் கழித்து, அதுவரை நன்றாக இருந்த கையிலும் தோளிலும் சோர்வும் வலியும் வரலாம். நல்ல கையை வைத்து எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்தால் அந்தக் கையும் போய்விடும். வேலையை முக்கால் மணி நேரத் துண்டுகளாகப் பிரித்துக்கொண்டு, நடுவில் கட்டாயமாக ஓய்வு எடுங்கள்.

இரண்டாம் படி: எந்த வேலை, யாருக்கு ஒத்துவரும்

வயர் கூடை நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த தொழில். முதலீடு குறைவு, மின்சாரம் வேண்டாம், பாதியில் வைத்துவிட்டு மறுநாள் தொடரலாம். சாதா முடிச்சில் ஆரம்பித்து நெல்லிக்காய் முடிச்சு, பிஸ்கட் முடிச்சு, சிவன் கண் என்று போகலாம். ஆனால் இதற்கு இரண்டு கைகளிலும் விரல் பிடி வேண்டும். ஒவ்வொரு முடிச்சையும் இழுத்து இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் கூடை தொங்கிவிடும். பெரும்பாலோர் தரையில் உட்கார்ந்து அடிப்பாகத்தைக் கால்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டுதான் பின்னுவார்கள். காலை மடக்க முடியாதவர்கள் மேசை விளிம்பில் ஒரு பலகையை வைத்து, தச்சர் வைத்திருக்கும் கிளாம்பால் அடிப்பாகத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளலாம். அடி முடிந்து பக்கச் சுவர் ஏற ஆரம்பித்ததும், உள்ளே ஒரு செங்கல்லைத் துணியில் சுற்றி வைத்தால் கூடை நகராது. முடிச்சுப் போட்டபடியே சுற்றி ஓடும் நீள வயரை ஓட்டு வயர் என்பார்கள், அது உரசி ஆள்காட்டி விரல் தோல் உரியும். முதல் நாளிலிருந்தே மருந்துக் கடை பிளாஸ்டரை விரலில் சுற்றிக்கொள்ளுங்கள்.

துணிப்பை தைப்பது, என் கணிப்பில், கால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இன்று இருப்பதிலேயே நல்ல வேலை. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. அதற்கெல்லாம் முன்பிருந்தே கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை என்ற சந்தை நம்மிடம் இருக்கிறது. நேர்த் தையல்தான், சட்டை தைப்பது போன்ற அளவுப் பிரச்சினை இல்லை, ஒரே மாதிரி இருநூறு முந்நூறு என்று ஆர்டர் வரும். மோட்டார் பொருத்திய இயந்திரத்தில் கால் பெடலைக் கழற்றி மேசை மேல் வைத்து முழங்கையால் அழுத்தலாம். தொடையில் பலம் இருப்பவர்கள் மெக்கானிக்கிடம் சொல்லி முழங்காலால் தள்ளும்படி பக்கவாட்டில் பொருத்திக்கொள்ளலாம். ஒரு கை மட்டும் வேலை செய்கிறவர்கள் துணியை மடித்து இஸ்திரி போட்டு, கிளிப் மாட்டி வைத்துவிட்டால் நேர்த் தையலைச் சமாளித்துவிடலாம்.

ஆரி ஒர்க்குக்கு, அதாவது கொக்கி ஊசியால் போடும் பூவேலைக்கு, கூலி நல்லது. பிளவுஸ் கையில் போடும் வேலைக்கே நல்ல தொகை வாங்குகிறார்கள். ஆனால் சேருவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஆரி ஊசி சட்டத்துக்கு மேலே ஒரு கையில், நூல் சட்டத்துக்குக் கீழே மறு கையில். இரண்டு கையும் நுணுக்கமாக வேலை செய்தாக வேண்டும், கண்ணும் நன்றாகத் தெரிய வேண்டும். தரையில் உட்கார்ந்து கட்டைச் சட்டத்தில் குனிந்து போடுவது முதுகுக்குப் பெரும் தண்டனை. சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு ஸ்டாண்டோடு வரும் வட்டச் சட்டம் இருக்கிறது. அதை வைத்துக் கற்றுத்தருகிற இடத்தில் மட்டும் சேருங்கள்.

சேலைக் குஞ்சம் கட்டுவது, ஃபால்ஸ் அடிப்பது ஆகியவை பக்கத்துத் தெருக்களிலிருந்தே வரும் வேலை. படுத்துக்கொண்டோ சாய்ந்துகொண்டோ குஞ்சம் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், மடியில் ஒரு பலகை போதும். தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் இருப்பவர்களுக்குப் பனை ஓலைப் பொருட்கள். ஓலை உள்ளூரிலேயே கிடைக்கும் இடத்தில் மட்டும் இதற்குள் இறங்குங்கள், வெளியூரிலிருந்து ஓலை வரவழைத்துச் செய்தால் கட்டுப்படியாகாது. காகிதக் கவர் ஒட்டுவது, ஊதுபத்தி உருட்டுவது போன்ற எண்ணிக்கைக் கூலி வேலைகளில் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் வருமானம் மிகக் குறைவு. வேறு எதுவும் முடியாத நிலையில் மட்டும் யோசிக்கலாம்.

மூன்றாம் படி: வேலை செய்யும் இடம்

இதை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். சக்கர நாற்காலிக்கு மேசைக்கு அடியில் முழங்கால் நுழைய சுமார் 70 செ.மீ. உயரம் இடம் வேண்டும். கடையில் வாங்கும் தையல் மேசையில் குறுக்குக் கம்பி இருந்து காலைத் தடுக்கும். வெல்டிங் கடையில் கொடுத்து அதைப் பின்னால் தள்ளி வைத்துக்கொள்ளலாம். அடிக்கடி எடுக்கும் கத்தரி, நூல், இஞ்ச் டேப் எல்லாம் கை நீட்டும் தூரத்தில் தொங்கட்டும். கீழே விழுந்ததை எடுத்துத் தர ஒவ்வொரு முறையும் ஆளைக் கூப்பிட வேண்டியிருந்தால் வேலை ஓடாது. கத்தரியில் ஒரு கயிறு கட்டி மேசையோடு இணைத்துவிட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

முதுகுத்தண்டுக் காயம் பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாதவர்களுக்கு இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று அழுத்தப் புண். வேலை மும்முரத்தில் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் புண் வந்துவிடும். அது ஆற மாதக்கணக்கில் படுக்க வேண்டியிருக்கும், ஒரு வருடச் சம்பாத்தியம் அதிலேயே போய்விடும். 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை போனில் அலாரம் வைத்து, கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்குங்கள், அல்லது முன்னால் சாய்ந்து எழுங்கள். ராத்திரி கண்ணாடி வைத்து, அல்லது வீட்டில் ஒருவரை விட்டு, தோல் எங்கேயாவது சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். மற்றொன்று சூடு. குளூ கன், இஸ்திரிப் பெட்டி, உருக்கிய மெழுகு எதையும் மடியில் வைத்து வேலை செய்யக்கூடாது. தொடையில் சுடுவது தெரியாது, தோல் பொசுங்கும் நாற்றம் வந்த பிறகுதான் தெரியும். மெழுகுவர்த்தித் தொழிலை இவர்களுக்கு நான் பரிந்துரைக்காததற்கு இதுதான் காரணம்.

நான்காம் படி: கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு இருப்பதாகச் சான்று பெற்றவர்களுக்கே பெரும்பாலான திட்டங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாகக் கிடைக்கும் அடையாள அட்டை, நாடு முழுவதும் செல்லுபடியாகும் தனித்துவ அடையாள அட்டையான யுடிஐடி இரண்டையும் வாங்கிவிடுங்கள். பழைய அட்டை மட்டும் வைத்திருப்பவர்கள் யுடிஐடிக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம், இ-சேவை மையத்திலும் செய்து தருவார்கள்.

அதே நல அலுவலகத்தில் மோட்டார் பொருத்திய தையல் இயந்திரம் இலவசமாகத் தரும் திட்டத்தைக் கேளுங்கள். தையல் தெரியும் என்பதற்குச் சான்றிதழ் கேட்பார்கள் என்பதால் பயிற்சியை முதலில் முடித்துவிடுவது நல்லது.

தொழில் தொடங்கியதும், சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவான உத்யம் பதிவைச் செய்யுங்கள். ஆதார், பான் எண்களை வைத்துச் செய்யலாம், அரசு இணையதளத்தில் கட்டணமே கிடையாது. இதற்கு ஆயிரம், இரண்டாயிரம் என்று கேட்கும் இடைத்தரகர்களிடம் கொடுக்காதீர்கள். பாரம்பரியக் கைவினை செய்கிறவர்கள் மத்திய அரசின் கைவினைஞர் அடையாள அட்டையும் வாங்கினால், கண்காட்சிகளில் கடை போட விண்ணப்பிக்க உதவும்.

ஐந்தாம் படி: பயிற்சி

பெரும்பாலான மாவட்டங்களில் முன்னோடி வங்கி நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் இருக்கிறது. தையல், ஆரி, பை தயாரிப்பு எல்லாம் அங்கே இலவசம், சாப்பாடும் தருவார்கள். சேருவதற்கு முன் ஒருவரை நேரில் அனுப்பி கழிப்பறையைப் பார்த்துவரச் சொல்லுங்கள். சாய்தளம் இருக்கிறது என்று போனில் சொல்வார்கள், கழிப்பறைக் கதவு சக்கர நாற்காலியை விடக் குறுகலாக இருக்கும். சென்னை கிண்டியில் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையம் இயங்குகிறது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981-இல் எஸ்.ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கத்தின் சிறப்பு, அதைக் கட்டி எழுப்பியவரே கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் என்பது. அப்படிப்பட்ட இடங்களில் உங்கள் உடம்பைப் பற்றி முதலிலிருந்து விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஆறாம் படி: விலை போடுவது

பெரும்பாலோர் நஷ்டப்படுவது இங்கேதான். 'சும்மா இருப்பதற்கு இதாவது வருகிறதே' என்று வீட்டில் சொல்வார்கள். அந்தப் பேச்சைக் காதில் வாங்காதீர்கள். உங்கள் நேரத்துக்குக் கூலி உண்டு.

எவ்வளவு கூலி வைப்பது? 2025-26-இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள் கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு 42. கைத்தொழில் தெரிந்தவர் அதற்குக் கீழே போகக் கூடாது என்பது என் கருத்து. நான் மணிக்கு 50 ரூபாய் என்று வைத்துக் காட்டுகிறேன். கீழே வரும் மற்றத் தொகைகள் உதாரணத்துக்காகப் போட்டவை, உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்.

நடுத்தர அளவு வயர் கூடை ஒன்று. வயர், கைப்பிடிக்குள் போடும் டியூப், வெட்டுச் சேதாரம் எல்லாம் சேர்த்து 180 ரூபாய். பின்ன 9 மணி நேரம், கூலி 450. மொத்தம் 630. கடையில் அதே கூடையை 400 ரூபாய்க்குக் கேட்பார்கள். 400-க்குக் கொடுத்தால் பொருள் செலவு போக 220, அதாவது மணிக்கு 24 ரூபாய்தான் உங்களுக்கு. இப்போது அதே வயரில் நவராத்திரி கொலுவுக்கு வருகிறவர்களுக்குத் தரும் சின்னக் கூடையைப் பாருங்கள். பொருள் 45, நேரம் 2 மணி, கூலி 100, மொத்தம் 145. ஐம்பது கூடை மொத்தமாக எடுப்பவர் 160 கொடுக்கத் தயங்க மாட்டார், ஏனென்றால் எவர்சில்வர் கிண்ணமும் அந்த விலைக்கு வந்துவிட்டது.

தாம்பூலப் பை 200. துணியும் கைப்பிடியும் 14, பெயர் அச்சு 4, நூலும் மின்சாரமும் 1, ஆக ஒரு பைக்கு 19 ரூபாய். மணிக்கு ஆறு பை தைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 32 ரூபாய்க்கு விற்றால் 6,400 வரும். பொருள் 3,800, கொண்டு போய்க் கொடுக்க ஆட்டோ 200. மீதி 2,400. வேலை நேரம் சுமார் 33 மணி, மணிக்கு 72 ரூபாய் நிற்கிறது. பார்வைக்குப் பிரமாதமாக இருக்கும் பெரிய கூடை 24 ரூபாய் தருகிறது, சாதாரணப் பை 72 தருகிறது. இந்தக் கணக்கைப் போடாமல் எந்தத் தொழிலையும் முடிவு செய்யாதீர்கள்.

ஒன்று விட்டுப்போகக் கூடாது: அம்மாவோ மனைவியோ துணி வாங்கி வருகிறார், பை மடிக்கிறார், பார்சல் கட்டுகிறார் என்றால் அந்த நேரத்தையும் கூலியில் சேருங்கள். அவர்கள் ஊருக்குப் போன வாரம் அந்த வேலைக்கு ஆள் வைக்க வேண்டியிருக்கும். அப்போது விலை திடீரென்று ஏறினால் வாடிக்கையாளர் நிற்க மாட்டார்.

ஏழாம் படி: ஆர்டர் பிடிப்பது

முதல் ஆர்டர்கள் இரண்டு கிலோமீட்டருக்குள்தான் இருக்கின்றன. கல்யாண மண்டப மேலாளர், பத்திரிகை அடிக்கும் அச்சகம், சமையல் கான்ட்ராக்டர், பக்கத்துப் பள்ளி, துணிக்கடை. தாம்பூலப் பைக்கு அச்சகம்தான் தங்கமான இடம், ஏனென்றால் பத்திரிகை அடிக்க வருகிறவருக்கு அடுத்து வேண்டியது அந்தப் பைதான். அங்கே மாதிரிப் பை இரண்டு தொங்கவிட்டு, வரும் ஆர்டருக்கு ஒரு கமிஷன் பேசிக்கொள்ளுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இருக்காது. அந்த மாதங்களில் பள்ளி, கடைகளுக்கான பைகளும், ஆடிக்குப் பின் வரும் கொலுவுக்கான கூடைகளும் செய்து வையுங்கள்.

வாட்ஸ்அப் பிசினஸில் பொருட்களைப் படமெடுத்து அளவு, விலையோடு போடுங்கள். 'மாற்றுத்திறனாளி செய்தது, ஆதரவு தாருங்கள்' என்று எழுதலாமா என்று பலரும் கேட்கிறார்கள். என் பதில், வேண்டாம். இரக்கப்பட்டு வாங்குகிறவர் ஒருமுறை வாங்குவார். பைத் தையல் பிரியாமல் இருந்தால் அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்கும் அவரே ஆள் சொல்லிவிடுவார். உங்களைப் பற்றிச் சொல்ல விரும்பினால் தாராளமாகச் சொல்லுங்கள், ஆனால் அது பொருளின் படத்துக்கும் விலைக்கும் பிறகு வரட்டும்.

ஆர்டர் உறுதியானால் பாதிப் பணம் முன்பணம். சொந்தக்காரர் என்றாலும் அப்படித்தான். பெயர் அச்சிட்ட பையை வேறு யாருக்கும் விற்க முடியாது என்பதைத் தயங்காமல் சொல்லுங்கள். ஆர்டரை உறுதி செய்த பதில், எழுத்துப்பிழை சரிபார்த்ததற்கான பதில் இரண்டும் வாட்ஸ்அப்பிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மீஷோ போன்ற இணைய விற்பனைத் தளங்களில் விற்க ஜிஎஸ்டி பதிவு வேண்டுமே என்ற பயம் தேவையில்லை. 2023 அக்டோபர் 1 முதல், ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாகும் விற்பனை வரம்புக்குள் இருக்கும் சிறு விற்பனையாளர்கள் ஜிஎஸ்டி இணையதளத்தில் ஒரு சேர்க்கை எண் பெற்று, தங்கள் மாநிலத்துக்குள் மட்டும் இத்தளங்களில் பொருள் விற்கலாம். ஆனால் கூரியர்காரர்கள் எடையோடு பெட்டியின் அளவையும் பார்த்துக் காசு வாங்குவார்கள். காற்றடைத்த மாதிரி இடம் பிடிக்கும் வயர் கூடைக்கு அனுப்பும் செலவே விலையில் பாதி ஆகிவிடும். மடித்து அனுப்பக்கூடிய பை, குஞ்சம், ஆரி வேலைத் துணி இவற்றுக்கே ஆன்லைன் சரி.

தனியாக அலைய முடியாதவர்கள் மாற்றுத்திறனாளிகள் சுய உதவிக் குழுவில் சேரலாம். வழக்கமான குழுவுக்குப் பத்துப் பேர் வேண்டும், மாற்றுத்திறனாளிகள் குழுவுக்கு ஐந்து பேரே போதும். மகளிர் திட்ட அலுவலகத்தில் கேளுங்கள். குழு வழியாகப் போனால், சுய உதவிக் குழுப் பொருட்களை விற்கும் 'மதி' விற்பனை நிலையங்களுக்கும் அரசுக் கண்காட்சிகளுக்கும் பொருள் போகும்.

எட்டாம் படி: ஏமாற்றுக்காரர்களை அடையாளம் காணுங்கள்

வீட்டை விட்டு வெளியே போக முடியாதவர்களைத்தான் இவர்கள் குறி வைக்கிறார்கள். இதை எழுதும்போதே கோபம் வருகிறது.

'பென்சில் பேக்கிங், மாதம் 30,000, வீட்டுக்கே பொருள் வரும்' என்று ஃபேஸ்புக்கில் வரும். அடுத்து பதிவுக் கட்டணம், அப்புறம் அடையாள அட்டைக் கட்டணம், அப்புறம் லாரி வாடகை முன்பணம். லாரி வராது. பென்சில் நிறுவனங்கள் பெட்டியில் அடைக்கும் வேலையைத் தொழிற்சாலையில் இயந்திரத்தில் செய்கின்றன. வேலை தருகிறவர் உங்களிடம் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இரண்டாவது வகை, இயந்திரம் விற்பவர்கள். விளக்குத் திரி இயந்திரம், கற்பூர இயந்திரம், பாக்குமட்டைத் தட்டு இயந்திரம் என்று சந்தை விலையைப் போல இரண்டு மூன்று மடங்குக்கு விற்பார்கள். நீங்கள் செய்வதை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று ஒப்பந்தம் போடுவார்கள். முதல் லோடை வாங்குவார்கள். இரண்டாவது லோடுக்குத் தரம் சரியில்லை என்பார்கள், பிறகு போனை எடுக்க மாட்டார்கள். வாங்கத்தான் வேண்டும் என்றால், ஏற்கெனவே வாங்கிய மூன்று பேரை நீங்களாகவே கண்டுபிடித்துப் பேசுங்கள், இயந்திரம் விற்பவர் தரும் எண்களில் பேசாதீர்கள்.

மூன்றாவது, தட்டச்சு வேலை. முடித்துக் கொடுத்த பிறகு பிழை அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், அபராதம் கட்டுங்கள் என்று வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒன்றை அனுப்பி மிரட்டுவார்கள். பயந்து பணம் அனுப்பாதீர்கள். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது, பணம் வேறு கணக்குக்கு மாறுவதற்குள் முடக்க வாய்ப்பு இருக்கும்.

ஒன்பதாம் படி: கடன், உதவித்தொகை

நிலையாக ஆர்டர் வரத் தொடங்கிய பிறகே கடன். பயிற்சிச் சான்றிதழ் கையில் வந்த வாரத்திலேயே கடன் வாங்க ஓடாதீர்கள்.

மத்திய அரசின் பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் மாற்றுத்திறனாளிகள் சிறப்புப் பிரிவில் வருகிறார்கள். சொந்தப் பங்கு 5 சதவீதம் போதும், மானியம் நகர்ப்புறத்தில் 25, கிராமத்தில் 35 சதவீதம். மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். அந்த மானியம் உடனே கைக்கு வராது. வங்கியில் மூன்று வருடம் தனியாக வைத்திருந்து பிறகுதான் கடனில் வரவு வைப்பார்கள், அதுவரை தவணை ஒழுங்காகப் போக வேண்டும். 2025-இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் 35 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 25 தொழில்களுக்குக் கடன் தருவது. 3 லட்சம் வரை கடன், 25 சதவீத மானியம், மானியத்தின் உச்சவரம்பு 50,000. மாற்றுத்திறனாளிகளுக்கென்றே 1997-இல் தொடங்கிய தேசிய நிதிக் கழகத்தின் கடனுக்கு மாவட்டக் கூட்டுறவு வங்கியில் கேளுங்கள்.

மாத உதவித்தொகை வாங்குகிறவர்கள், சம்பாதித்தால் அது நின்றுவிடுமோ என்று பயந்து தொழிலையே தொடங்காமல் இருக்கிறார்கள். நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை வேறு, வருவாய்த்துறை தரும் ஓய்வூதியம் வேறு, இரண்டுக்கும் நிபந்தனைகள் வேறு. நீங்கள் வாங்குவது எது என்று வங்கிப் புத்தகத்தில் பார்த்து, அந்த அலுவலகத்தில் வருமான நிபந்தனை என்ன என்று எழுத்தில் கேளுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்தால் பதிவு எண் கிடைக்கும், பதிலும் எழுத்தில் வரும். தொழில் பணத்துக்கு வேறொரு வங்கிக் கணக்கு தொடங்கி, உதவித்தொகை வரும் கணக்கில் கலக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் துணிக்குக் கொடுத்தது எவ்வளவு, வீட்டுக்கு எடுத்தது எவ்வளவு என்று அந்தப் புத்தகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பின்னாளில் கடன் கேட்கும்போது வங்கி மேலாளர் முதலில் புரட்டுவதும் அதைத்தான்.